மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள்? ஒத்துழைப்பின் பரிணாமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். மனிதன் அடிப்படையில் சுயநலக்காரன், அறிவியலே அப்படித்தான் சொல்கிறது என்பது ஒரு கட்சி. இயற்கை முழுக்க அன்புமயம், மனிதன்தான் அதைக் கெடுத்தான் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு என்பதால்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மனிதர்கள் மற்றவர்களுக்கு உதவுவது உண்மையானது, ஆழமானது. ஆனால் அது சில நிபந்தனைகளோடு வளர்ந்தது. அந்த நிபந்தனைகள் என்னென்ன என்பதைத்தான் கீழே உள்ள கேள்விகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து தொடுகின்றன.

பரிணாமம் என்றால் 'வலுத்தவன் வாழ்வான்' என்பதுதானே? அதில் ஒத்துழைப்புக்கு ஏது இடம்?

'தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்' என்ற தொடரை உருவாக்கியவர் டார்வின் இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் எழுதியது அது. டார்வின் அதைத் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் எடுத்துக்கொண்டார். அதிலும் தகுதி என்பது புஜபலத்தைக் குறிக்கவில்லை. இருக்கிற சூழலில் யாருடைய மரபணுக்கள் அடுத்த தலைமுறைக்கு அதிகமாகப் போய்ச் சேருகின்றன என்பதே கணக்கு. அதற்குச் சண்டை ஒரு வழி என்றால், சேர்ந்து நிற்பது இன்னொரு வழி.

உங்கள் உடம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 30 லட்சம் கோடி செல்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தனியாக நீந்தித் திரிந்த உயிரிகளின் வாரிசு. ஈரல் செல் ஈரல் வேலையைப் பார்க்கிறது, தோல் செல் காலம் வந்ததும் செத்து உதிர்கிறது, எதுவும் தன்பாட்டுக்குப் பெருகுவதில்லை. அந்த ஒப்பந்தத்தை மீறி ஒரு செல் தன் இஷ்டத்துக்குப் பெருக ஆரம்பித்தால் அதற்குப் புற்றுநோய் என்று பெயர். ஒத்துழைப்பும், அதை மீறும் ஆசையும், மீறலைத் தடுக்கும் ஏற்பாடும் மனிதச் சமூகத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டன.

டார்வின் இதைப் பற்றி யோசித்தாரா?

யோசித்தார், கவலையும் பட்டார். எறும்பு, தேனீக் கூட்டங்களில் வேலைக்காரப் பூச்சிகள் பொதுவாகக் குஞ்சு பொரிப்பதில்லை. சந்ததியே விடாத ஒன்றின் குணம் எப்படி அடுத்த தலைமுறைக்குப் போகும்? தன் கோட்பாட்டையே சாய்த்துவிடக்கூடிய சிக்கலாக இது முதலில் தோன்றியது என்று 1859-இல் வெளிப்படையாகவே எழுதினார். இயற்கைத் தேர்வு, அதாவது எந்தக் குணம் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று இயற்கை வடிகட்டுவது, தனி உயிரியோடு நிற்காமல் குடும்பத்தின் அளவிலும் நடக்கலாம் என்பது அவர் கண்ட விடை. 1871-இல் மனிதனைப் பற்றி எழுதியபோது, ஒருவருக்கொருவர் உதவவும் பொது நன்மைக்காகத் தியாகம் செய்யவும் தயாராக உள்ளவர்கள் நிறைந்த குலம் மற்றக் குலங்களை வெல்லும் என்றார். இந்த வரியை வைத்து இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. கொஞ்சம் கீழே அதற்கு வருகிறேன்.

ரஷ்யரான குரோபோட்கினையும் இங்கே மறக்கக் கூடாது. சைபீரியாவின் கடுங்குளிரில் பயணம் செய்து, ஒரே இன விலங்குகளுக்குள் கொடிய போட்டி இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார். அவர் கண்ணில் அதிகம் பட்டதோ பரஸ்பர உதவி. 1902-இல் அதையே நூலாக வெளியிட்டார். அவருடைய விளக்கங்கள் எல்லாமே நிற்கவில்லை, ஆனால் அவர் பார்த்த பார்வை நின்றது.

உறவுக்காரர்களுக்கு உதவுவதற்கு என்ன கணக்கு?

'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்பார்களே, அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. 1964-இல் வில்லியம் ஹாமில்டன் என்ற இளம் ஆய்வாளர் எழுதினார். உதவி பெறுபவருக்குக் கிடைக்கும் பலனை, இருவருக்கும் உள்ள மரபணு நெருக்கத்தால் பெருக்க வேண்டும். அது உதவுபவர் இழப்பதைவிட அதிகமாக இருந்தால் உதவும் குணம் பரவும். கூடப்பிறந்தவரோடு நெருக்கம் இரண்டில் ஒரு பங்கு. சித்தப்பா பிள்ளையோடு எட்டில் ஒரு பங்கு.

விலங்குகள் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை, மனிதர்களும்தான். கூடவே வளர்ந்தவர்கள் மேல் பாசம் வைக்கும்படி மனது அமைந்திருந்தால் போதும், கணக்கு தானாகவே நேராகிவிடும். அதனால்தான் தத்தெடுத்த குழந்தை மேல் வைக்கும் பாசம் கொஞ்சமும் போலியில்லை. பாசம் என்பது அந்த நபர் மேல்தான், மரபணு மேல் இல்லை. பாசப்படும் மனது ஏன் உருவானது என்பதற்குத்தான் மரபணுக் கணக்கு விடை சொல்கிறது. அந்தப் பாசம் 'உண்மையில்' சுயநலம்தான் என்று சிலர் இதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். அது பெரிய தவறு.

சொந்தமே இல்லாதவர்களுக்கு ஏன் உதவ வேண்டும்?

இங்கேதான் வௌவால்கள் வருகின்றன. நடு, தென் அமெரிக்காவில் இரத்தம் குடித்து வாழும் ஒருவகை வௌவால் உண்டு. எல்லா இரவும் அதற்கு இரை கிடைக்காது. இரண்டு மூன்று இரவு தொடர்ந்து பட்டினி கிடந்தால் செத்துப்போகும். வெறும் வயிற்றோடு திரும்பிய வௌவால், பக்கத்தில் தொங்கும் இன்னொன்றை நெருங்கி அதன் வாயை நக்கும். வயிறு நிறைந்தது தான் குடித்த இரத்தத்தில் கொஞ்சத்தைக் கக்கி ஊட்டும். கொடுப்பவருக்கு அது சின்ன இழப்பு, வாங்குபவருக்கோ உயிர். ஜெரால்ட் வில்கின்சன் 1984-இல் இதை விவரமாகப் பதிவு செய்தார். பெரும்பகுதி தாய் தன் குட்டிக்கு ஊட்டுவது. மீதி, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெடுநாள் கூடவே தங்கிப் பழகியவைகளுக்குள் நடந்தது.

பிற்பாடு நடந்த சோதனைகள் இன்னும் சுவையானவை. யார் யாருக்கு ஊட்டுகிறது என்பதை முன்கூட்டிச் சொல்ல, உறவைவிட 'இது எனக்கு முன்பு ஊட்டியதா' என்பதே நல்ல துப்பாக இருந்தது. முன்பின் தெரியாத வௌவால்களை ஒன்றாக விட்டபோது உடனே இரத்தத்தைக் கொடுத்துவிடவில்லை. முதலில் ஒன்றின் ரோமத்தை மற்றொன்று கோதிவிட்டது. அது செலவில்லாத உபகாரம். அது நிலைத்த பிறகே சில ஜோடிகள் இரத்தம் பகிர ஆரம்பித்தன. புதிதாகக் குடிவந்தவரிடம் நாம் பழகுவதும் கிட்டத்தட்ட இப்படித்தானே? முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு சின்ன உதவி, வீட்டுச் சாவியை நம்பிக் கொடுப்பது வெகு நாள் கழித்து.

இன்று நான், நாளை நீ என்ற இந்தக் கைம்மாறு ஏற்பாடு எப்போது பரிணமிக்கும் என்பதை 1971-இல் ராபர்ட் டிரிவர்ஸ் விளக்கினார். திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும், ஆளை அடையாளம் தெரிய வேண்டும், ஏமாற்றினால் நினைவிருக்க வேண்டும். நன்றி, குற்ற உணர்ச்சி, ஏமாற்றப்பட்ட ஆத்திரம் இவையெல்லாம் அந்த ஏற்பாட்டைக் காக்க வந்த உணர்ச்சிகள் என்பது அவர் வாதம்.

வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன்தானே ஜெயிப்பான்?

ஒரே ஒருமுறை சந்திப்பு என்றால் ஆமாம். பலமுறை என்றால் கதை மாறுகிறது. ராபர்ட் ஆக்செல்ராட் என்ற அரசியல் அறிவியலாளர் கணினியில் ஒரு பந்தயம் வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம். ஒத்துழைப்பவரை ஏமாற்றினால் அந்தச் சுற்றில் புள்ளி அதிகம். ஆடும் நிரல்களை அறிஞர்களிடமிருந்து வரவழைத்தார். முதல் பந்தயத்துக்கு 14 நிரல்கள் வந்தன, இரண்டாவதற்கு 62. இரண்டிலும் வென்றது வந்ததிலேயே எளிமையான ஒன்று. அனடோல் ராபோபோர்ட் அனுப்பியது. முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி போன தடவை செய்ததையே செய். அவ்வளவுதான் மொத்த நிரலும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த நிரல் தன்னோடு மோதிய எவரையும்விட ஒரு புள்ளிகூட அதிகம் எடுத்ததில்லை. எடுக்கவும் முடியாது, ஏனென்றால் அது முதலில் ஏமாற்றுவதே இல்லை. எதிரில் இருப்பவரும் நன்றாக எடுக்கும்படி ஆடியே மொத்தக் கணக்கில் முதலில் வந்தது.

ஒரு குறையும் உண்டு. இருவரும் இதே நிரலை ஆடும்போது தவறுதலாக ஒருவர் ஒருமுறை ஏமாற்றிவிட்டால், இரண்டு பேரும் மாறி மாறிப் பழிவாங்கிக்கொண்டே இருப்பார்கள். அப்படித் தவறுகள் நடக்கும் உலகத்தில், அவ்வப்போது மன்னித்து விட்டுவிடும் நிரல் இன்னும் நன்றாக நிற்கிறது என்று 1992-இல் நோவாக்கும் சிக்மண்டும் காட்டினார்கள்.

இனி ஒருபோதும் சந்திக்கப் போகாத ஆளுக்கும் உதவுகிறோமே?

பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பேசுபவர்கள் இருக்கிறார்கள். நான் உங்களுக்கு உதவுகிறேன், அதைக் கேள்விப்பட்ட மூன்றாமவர் எனக்கு உதவுகிறார். நல்ல பெயர் என்ற ஒன்று இப்படித்தான் செல்லுபடியாகும் நாணயமாகிறது. வௌவாலுக்குத் தன் கண்ணால் கண்டதுதான் சாட்சி. மனிதனுக்கு மொழி இருப்பதால் காணாததும் சாட்சியாகிறது. 'அவனா, அவனிடம் ஜாக்கிரதை' என்ற ஒரு வரி, கேட்பவருக்கு ஒரு ஏமாற்றத்தை மிச்சப்படுத்துகிறது.

இதனால்தான் புறம்பேசுதலை ஆய்வாளர்கள் அவ்வளவு மதிப்பாகப் பார்க்கிறார்கள். கலகாரி பாலைவனத்தின் ஜுஹோன்சி மக்களிடம் பாலி வீஸ்னர் என்ற மானுடவியலாளர் பகல் பேச்சையும் இரவுப் பேச்சையும் பிரித்துப் பார்த்தார். பகலில் பெரும்பாலும் வேலைப் பேச்சும், மற்றவர்களைப் பற்றிய குறைகளும் வம்பும். இரவில் தீ மூட்டி உட்கார்ந்ததும் பேச்சில் 81 சதவீதம் கதைகளாக மாறிவிட்டது. தொலைவில் இருக்கும் ஆட்கள், பழைய பயணங்கள், யார் யாருக்கு என்ன செய்தார் என்ற கதைகள். நேரில் பார்க்காத மனிதர்களோடும் உறவை அந்தத் தீ வெளிச்சம் காத்துக்கொடுத்தது.

'இனத்தின் நன்மைக்காக' விலங்குகள் தியாகம் செய்கின்றன என்று படித்தேனே?

ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். வின் எட்வர்ட்ஸ் 1962-இல் இதைப் பெரிய அளவில் வாதிட்டார். ஜார்ஜ் வில்லியம்ஸ் 1966-இல் அதை உடைத்தார். தியாகிகள் நிறைந்த கூட்டத்தில் ஒரே ஒரு சுயநலக்காரன் பிறந்தால் அவன் சந்ததிதான் பெருகும், கொஞ்ச காலத்தில் தியாகிகள் காணாமல் போவார்கள் என்பது அவர் கேள்வி. இதற்கு விடை சொல்லாத எந்த விளக்கமும் நிற்காது.

ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. முட்டைக் கோழிகளை வைத்து வில்லியம் மியூர் செய்த சோதனையைச் சொல்ல வேண்டும். பல கோழிகள் ஒரே கூண்டில் அடைபட்டால் கொத்திக் கொல்லும். அதிக முட்டையிடும் தனிக்கோழியைத் தேர்ந்தெடுக்காமல், மொத்தமாக நன்றாக முட்டையிடும் கூண்டைத் தேர்ந்தெடுத்து அதன் கோழிகளை இனப்பெருக்கம் செய்தார். சில தலைமுறையிலேயே கொத்திச் சாவது வெகுவாகக் குறைந்து முட்டையும் கூடியது. நல்ல கோழி என்பது தன் முட்டையை மட்டும் பார்த்தால் தெரிவதில்லை, பக்கத்துக் கோழியின் நிலையையும் பார்க்க வேண்டும்.

ஆகவே, குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு பெரிதாகவும், குழுவுக்குள் வேறுபாடு சிறிதாகவும் இருந்தால் குழு அளவிலும் தேர்வு நடக்கும். குலங்களைப் பற்றிய டார்வினின் அந்த வரி சொன்னதும் இதைத்தான். இயற்கையில் அது எவ்வளவு நடந்தது என்பதில் சண்டை ஓயவில்லை. எட்வர்ட் வில்சனும் வேறு இருவரும் உறவுத் தேர்வை (மேலே பார்த்த ஹாமில்டனின் உறவுக் கணக்கை) மறுத்து 2010-இல் எழுதிய கட்டுரைக்கு, அடுத்த ஆண்டு 137 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு மறுப்பு எழுதினார்கள். என் பார்வையில் இரண்டு தரப்பும் ஒரே கணக்கை இரண்டு விதமாக எழுதுகின்றன, பாதிச் சண்டை அதனால்தான். மனிதர்கள் விஷயத்தில் குழுத் தேர்வுக்கு வலு அதிகம், காரணம் பண்பாடு. பிறந்த குழுவின் பழக்கங்களை எல்லாரும் கற்றுக்கொள்வதால் உள்ளே வேறுபாடு குறைகிறது, வெளியே கூடுகிறது.

மற்ற குரங்கினங்களிடம் இல்லாத எது நம்மிடம் இருக்கிறது?

குழந்தை வளர்ப்பிலிருந்து தொடங்குவதே சரி என்பேன். காட்டில் வாழும் சிம்பன்சித் தாய் தன் பச்சைக் குட்டியை மாதக்கணக்கில் வேறு யார் கையிலும் கொடுக்காது. மனிதத் தாயோ பிறந்த அன்றே கொடுக்கிறாள். கொடுத்தே ஆக வேண்டும். ஒரு மனிதக் குழந்தை தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் வயதுக்கு வர 1 கோடிக்கும் மேற்பட்ட கலோரிகள் தேவைப்படும் என்பது மதிப்பீடு. ஒரு தாயால் தனியாக அதைத் திரட்ட முடியாது, அதுவும் அடுத்த குழந்தை வேறு வந்துவிட்ட பிறகு. பாட்டி, அக்கா, அப்பா, பக்கத்து ஆள் எல்லாரும் சேர்ந்துதான் வளர்த்திருக்கிறார்கள். இதை வலுவாக எடுத்துச் சொன்னவர் சாரா ஹெர்டி. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே கிழங்கு தோண்டி வரும் பாட்டிகளைக் கிறிஸ்டன் ஹாக்ஸ் கவனித்தார். குழந்தை பெறும் வயது முடிந்தும் பெண்கள் இவ்வளவு காலம் வாழ்வதே பேரக்குழந்தைகளுக்கு ஊட்டியதன் விளைவாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

பலர் கையில் வளரும் குழந்தைக்கு, யார் முகத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தால்தான் பிழைப்பு. 2006-இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 18 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை இருக்கிறது. கை நிறையப் புத்தகங்களோடு ஒருவர் அலமாரிக் கதவை முட்டுகிறார், திறக்க முடியவில்லை. அம்மா மடியருகே நின்ற குழந்தை பார்க்கிறது. தத்தித் தத்தி நடந்து வருகிறது, கதவைத் திறக்கிறது, பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறது. யாரும் கேட்கவில்லை, பரிசு கிடையாது. துணி உலர்த்தும் கிளிப் கைதவறி விழுந்தால் எடுத்துக் கொடுத்த குழந்தைகள், வேண்டுமென்றே எறிந்தால் பெரும்பாலும் எடுத்துத் தரவில்லை. அதாவது உதவி தேவையா என்பது அந்த வயதிலேயே புரிகிறது. அந்தச் சோதனையின் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. மனிதர்களோடு வளர்ந்த சிம்பன்சிகளும் எளிய சந்தர்ப்பங்களில் பொருளை எடுத்துக் கொடுத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேர் நம்மிடம் மட்டும் இல்லை.

இன்னொரு சாட்சி ஒரு மண்டையோடு. ஜார்ஜியாவின் த்மானிசியில் கிடைத்தது, வயது சுமார் 17 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். அந்த ஆளுக்கு ஒரே ஒரு பல்தான் மிச்சம். மற்றப் பற்கள் இருந்த குழிகளில் எலும்பு கரைந்து மூடியிருக்கிறது. பல் விழுந்த பிறகும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தால்தான் அப்படி ஆகும். மென்மையான உணவைத் தானே தேடியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் யாரோ உணவை நசுக்கிக் கொடுத்திருக்கலாம் என்ற எண்ணத்தைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

ஆதி மனிதர்கள் சொந்தங்களாக மட்டும்தானே கூட்டமாக வாழ்ந்தார்கள்?

இல்லை. 2011-இல் 32 வேட்டைச் சமூகங்களின் குடியிருப்பை ஆராய்ந்தபோது, ஒரே முகாமில் வசிப்பவர்களில் பெரும்பாலோருக்குள் நெருங்கிய மரபணு உறவே இல்லை என்று தெரிந்தது. திருமணத்தால் வந்தவர்கள், நண்பர்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள் என்று கலந்தே இருந்தார்கள்.

எல்லாரும் உழைக்க, ஒருவன் மட்டும் ஓசிச் சவாரி செய்தால்?

நான்கு பேருக்குத் தலா 20 காசு கொடுங்கள். பொது உண்டியலில் போடுவதை 1.6 மடங்காக்கி நால்வருக்கும் சமமாகப் பிரிப்போம். எல்லாரும் முழுக்கப் போட்டால் தலைக்கு 32 கிடைக்கும். நான் மட்டும் போடாமல் மற்ற மூவரும் போட்டால், என் 20 அப்படியே இருக்க, பங்காக 24-ம் வரும். ஆக 44. எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கேக்டரும் இதைப் பல சுற்று ஆடவைத்தார்கள். முதலில் மக்கள் தாராளமாகப் போட்டார்கள். ஒரு சிலர் போடாமல் இருப்பதைப் பார்த்ததும் மற்றவர்களும் குறைத்தார்கள், கடைசியில் உண்டியல் கிட்டத்தட்டக் காலி. பெரும்பாலோர் கெட்டவர்கள் என்பதால் இப்படி ஆகவில்லை. ஏமாளியாக இருக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு ஒரு விதி சேர்த்தார்கள். சொந்தக் காசைச் செலவழித்து, போடாதவரின் காசைக் குறைக்கலாம். உண்டியல் நிறைய ஆரம்பித்தது. அடுத்த சுற்றில் அதே ஆளைச் சந்திக்கவே மாட்டோம் என்று தெரிந்தும் தண்டித்தார்கள். லாபம் இல்லை, கோபம்தான்.

தண்டனையே எல்லாவற்றுக்கும் மருந்து என்று இதிலிருந்து முடிவு செய்ய வேண்டாம். 2008-இல் 16 நகரங்களில் இதே ஆட்டத்தை ஆடியபோது, சில இடங்களில் அதிகமாகப் போட்டவரையே தண்டித்தார்கள். 'இவர் மட்டும் என்ன பெரிய ஆளா' என்ற எரிச்சல், அல்லது முன்பு தண்டிக்கப்பட்டதற்குப் பழி. அங்கே ஒத்துழைப்பு உயரவே இல்லை.

இது எல்லாச் சமூகத்திலும் ஒரே மாதிரி இருக்குமா?

இல்லை. ஒருவரிடம் பணம் கொடுத்து, இன்னொருவரோடு பங்கிடச் சொல்லும் ஆட்டம் ஒன்று உண்டு. மற்றவர் அந்தப் பங்கை மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஜோசப் ஹென்ரிக்கும் குழுவினரும் 15 சிறு சமூகங்களில் ஆடிப் பார்த்தார்கள். பெருவின் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 சதவீதம் கொடுத்தார்கள். இந்தோனேசியாவின் லமலேராவில், படகில் கூட்டாகச் சென்று திமிங்கிலம் பிடிப்பவர்கள் 58 சதவீதம் கொடுத்தார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்டதைவிட அதிகம்! ஒரே மனித மூளைதான். அன்றாடப் பிழைப்பில் மற்றவரின் கை எவ்வளவு தேவை என்பது எது நியாயம் என்ற உணர்வையே மாற்றுகிறது.

வலுத்தவன் எல்லாரையும் அடக்கிவிட மாட்டானா?

முயல்வான். கிறிஸ்டோபர் போம் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. வேட்டைச் சமூகங்களில் அடங்கியிருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து அடக்க நினைப்பவனை அடக்கினார்கள். கேலி, ஒதுக்கிவைத்தல், மிஞ்சினால் கொலை. ஜுஹோன்சி மக்களிடம் பெரிய வேட்டையோடு வருபவனின் இறைச்சியை 'இந்த எலும்புக்கூட்டையா தூக்கி வரச் சொன்னாய்' என்ற மாதிரி மட்டம்தட்டுவார்கள் என்று ரிச்சர்ட் லீ பதிவு செய்திருக்கிறார். அவன் தலைக்கனம் ஏறி நாளை யாரையாவது கொன்றுவிடக் கூடாது என்பதற்காக அவன் நெஞ்சின் சூட்டைத் தணிக்கிறார்களாம். வேட்டைக்காரனும் தன் பங்குக்கு, 'ஒன்றும் கிடைக்கவில்லை, ஏதோ ஒரு சின்னது' என்றுதான் சொல்வான்.

மனிதனால் 150 பேரோடுதான் பழக முடியுமா?

ராபின் டன்பார் 1992-இல் மூளையின் அளவையும் குரங்குக் கூட்டங்களின் அளவையும் ஒப்பிட்டுச் சொன்ன எண் அது. 2021-இல் அதே கணக்கை வேறு முறைகளில் போட்டுப் பார்த்தவர்களுக்கு, ஒற்றை இலக்கத்திலிருந்து 500-க்கும் மேல் வரை எதுவும் வரலாம் என்று வந்தது. எண்ணை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரையும் நினைவில் வைக்க ஒரு வரம்பு உண்டு என்பதும், அதற்கு மேல் போனால் எழுதிய விதியும் பொது அடையாளமும் தேவை என்பதும் சரி.

பொதுச் சொத்து கடைசியில் நாசமாகத்தான் போகுமா?

1968-இல் காரெட் ஹார்டின் அப்படித்தான் எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளுக்கொரு மாடு கூடுதலாக விட்டால் நிலமே அழியும் என்பது அவர் வாதம். எலினோர் ஆஸ்ட்ரம் உலகம் முழுக்க உண்மையான பொது நிலங்களையும் நீர்ப் பாசனங்களையும் தேடிப் பார்த்தார். அழிந்தவையும் இருந்தன, நூற்றாண்டுகளாக நிலைத்தவையும் இருந்தன. சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-ஆம் ஆண்டு விதி: குளிர்காலத்தில் உன்னால் தீனி போட்டுக் காக்க முடிகிற அளவு மாடுகளை மட்டுமே கோடையில் மலை மேய்ச்சலுக்கு அனுப்பலாம். இதில் ஏமாற்றுவது கஷ்டம். குளிர்காலத்தில் உன் தொழுவத்தில் எத்தனை மாடு என்று ஊருக்கே தெரியும். ஸ்பெயினின் வலென்சியாவில் பாசன விவசாயிகளின் தண்ணீர் நீதிமன்றம் வியாழக்கிழமை தோறும் தேவாலய வாசலில் கூடி வாய்மொழியாகவே தீர்ப்புச் சொல்கிறது.

நிலைத்த இடங்களில் ஆஸ்ட்ரம் கண்ட பொது அம்சங்கள் பழக்கப்பட்டவைதான். யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவு. விதியைப் பின்பற்றுபவர்களே விதியை வகுக்கிறார்கள். கண்காணிப்பு உண்டு. முதல் தப்புக்குச் சின்னத் தண்டனை, திரும்பச் செய்தால் பெரியது. மேலே வௌவாலிலும் உண்டியலிலும் பார்த்த நிபந்தனைகளை ஊர் மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

இவ்வளவு ஒத்துழைக்கத் தெரிந்தவன் ஏன் போர் செய்கிறான்?

போரும் ஒத்துழைப்புதான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சிரமமாகவே இருந்தது. தான்சானியாவின் கோம்பேயில் 1974 முதல் 1978 வரை ஒரு சிம்பன்சிக் கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகக் கொன்றதை ஜேன் குடாலின் குழு பதிவு செய்தது. கென்யாவின் நட்டாருக்கில் சுமார் 10,000 ஆண்டுக்கு முந்தைய 27 பேரின் எலும்புகள் கிடைத்தன. பலவற்றில் அடிபட்ட காயங்கள். 2007-இல் ஜங்-கியூ சோயும் சாமுவேல் பவுல்ஸும் கணினி மாதிரி ஒன்றை ஓட்டினார்கள். தன் குழுவுக்குத் தியாகம் செய்யும் குணமும், வெளியாரை வெறுக்கும் குணமும் தனித்தனியாக நிலைக்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தபோது பரவின. இது வெறும் கணினி மாதிரிதான், நடந்த வரலாறு அல்ல. ஆனாலும் சும்மா தள்ளிவிட முடியாத முடிவு.

'நாம்' என்பது எவ்வளவு எளிதில் உருவாகிறது என்பதும் பயமுறுத்துகிறது. ஹென்றி தாஜ்ஃபெல் 1970-இல் பள்ளிப் பையன்களை, இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடித்தது என்பதை வைத்துப் பிரிப்பதாகச் சொல்லி, உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தார். பங்கிடச் சொன்னதும் தங்கள் பக்கத்துக்கே அதிகம் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தைவிட முந்தி நிற்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் பக்கத்துக்கு வருவது குறைந்தாலும் பரவாயில்லை என்றார்கள்.

இயற்கையிலேயே இப்படி என்றால், அது சரியென்று ஆகிவிடுமா?

ஆகாது. பரிணாமம் எப்படி வந்தோம் என்று சொல்லும், எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாது. கிட்டப்பார்வைகூட இயற்கைதான், கண்ணாடி போட்டுக்கொள்கிறோம்.

'நாம்' என்ற வட்டத்தைப் பெரிதாக்க முடியுமா?

முடியும் என்பதற்கும், எப்படி என்பதற்கும் ஒரு பழைய சோதனை துப்புத் தருகிறது. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீப் 11 வயதை ஒட்டிய 22 பையன்களை இரண்டு முகாம்களாகப் பிரித்து, போட்டிகளில் மோதவிட்டார். சில நாட்களில் கொடியை எரித்தார்கள், குடிசைக்குள் புகுந்து சூறையாடினார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவைத்தபோது உணவை எறிந்து சண்டை போட்டார்கள். சும்மா அருகருகே இருப்பதால் எதுவும் மாறவில்லை. அப்புறம் முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றது. உணவு வாங்கி வர வேண்டிய லாரி நின்றுபோனது. எல்லாம் ஆய்வாளர்கள் செய்த ஏற்பாடுதான், பையன்களுக்குத் தெரியாது. லாரியைத் தள்ள ஒரு குழுவின் பலம் போதாது. முன்பு எதிரெதிராக வடம் இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி இரண்டு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தன. இப்படிப் பல தடவை ஆன பிறகு, ஊர் திரும்ப ஒரே பேருந்தில் போகிறோம் என்று அவர்களே கேட்டார்கள்.

சின்னச் சோதனை, பையன்கள் மட்டும், பெரியவர்கள் தூண்டிவிட்டது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஷெரீப் இதையே செய்து பார்த்துத் தோற்றார். அங்கே பையன்களை முதலில் எல்லாரும் ஒன்றாகப் பழகவிட்டு, நட்பான பிறகுதான் பிரித்தார்கள். எவ்வளவு தூண்டியும் அவர்கள் எதிரிகளாகவில்லை. பெரியவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள், சோதனை பாதியில் நின்றது.